ஒரு கிளிக், 5 பிர்

2019 ஜனவரியில் எத்தியோப்பியாவின் தெற்கே, ஓமோ ஆற்றுப் பக்கம் போயிருந்தேன். ஜின்கா நகரத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் கிளம்பி, மாகோ தேசியப் பூங்காவைத் தாண்டினால் முர்சி மக்களின் குடியிருப்புகள். கீழுதட்டில் வட்டமான களிமண் தட்டு மாட்டிய பெண்களின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அதே படம் எனக்கும் வேண்டும். மறைப்பானேன், அதற்காகத்தான் போனேன்.

வண்டி நின்றதும் சூழ்ந்துகொண்டார்கள். தலையில் மாட்டுக்கொம்பு, காட்டுப்பன்றித் தந்தம், உடம்பெல்லாம் வெள்ளைச் சாயம். என்னை எடு, என்னை எடு என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். ஆளுக்கு, படத்துக்கு 5 பிர். பிர் என்பது எத்தியோப்பியப் பணம். வயதான அம்மா ஒருவரை எடுத்தேன். கேமரா தொடர்ந்து சுடும் முறையில் இருந்ததை மறந்துவிட்டேன். படபடவென்று ஏழு. அந்த அம்மா காதாலேயே எண்ணிவிட்டார். 35 பிர் என்றார். ஒரே படம்தானே என்று நான் வாதாடினேன். கழுத்தில் தொங்கிய லென்ஸின் விலையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கொடுத்துவிட்டேன். சத்தம் வராதபடி கேமராவை மாற்றிக்கொள்ளலாமே என்று உடன் வந்தவர் யோசனை சொன்னார். அதற்குத் திருட்டு என்று பெயர்.

சரி, போதும் என்று கேமராவைப் பையில் போட்டு நிழலில் உட்கார்ந்தேன். இனி இவனிடம் காசு பெயராது என்று தெரிந்ததும் கொம்பு கழன்றது, தட்டும் கழன்றது. உதடு வளையமாகத் தொங்கியது. அந்த அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மொழிபெயர்க்க வந்த இளைஞர்தான் விளக்கினார். கொம்பெல்லாம் வண்டியில் வருகிறவர்களுக்காக. தட்டு அப்படியல்ல, அது அவர்களுடையதே. ஆனால் நாள் முழுக்கப் போடுவதில்லை. ஆண்களுக்குச் சாப்பாடு வைக்கும்போது, பால் கறக்கும்போது, விசேஷங்களில். பதினைந்து வயது வாக்கில் உதட்டைக் கீறி, மரக்குச்சி செருகி, மாதக்கணக்கில் பெரிதாக்குவார்களாம். இந்த அம்மாவின் மகள் கீறிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் போனவள். அரசாங்கமும் இந்தப் பழக்கம் வேண்டாம் என்கிறது. "அவளை யாரும் படம் எடுக்கறதில்லை" என்றார் அம்மா. அது வருத்தமா, கேலியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பேச்சு சோளத்துக்குப் போனது. ஓமோவில் வெள்ளம் வந்து வடிந்ததும் கரை ஈரத்தில் விதைப்பது அவர்கள் வழக்கம். ஆற்றின் மேல்பகுதியில் 243 மீட்டர் உயரமுள்ள கிபே 3 அணை எழுந்து, 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது. பழைய வெள்ளம் இப்போது இல்லை. கீழே சர்க்கரை ஆலைக்கான கரும்புத் தோட்டங்கள் வேறு. விளையாத தானியத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். முந்தின நாள் ஜின்கா விடுதியில், "இவங்க படம் காட்டியே பிழைக்கறாங்க" என்று ஒருவர் முகம் சுளித்தபோது நானும் தலையாட்டியிருந்தேன்.

அப்புறம் அந்த அம்மா கேட்டார்: "எங்க படத்தை வெச்சு என்ன செய்வீங்க?"

"வீட்டுச் சுவர்ல மாட்டுவேன்."

"யாருன்னே தெரியாத பொம்பளை படத்தையா?"

பதில் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் தூரத்தில் அடுத்த ஜீப்பின் புழுதி தெரிந்தது. அவர் எழுந்து, உதட்டை இழுத்துத் தட்டைப் பொருத்திக்கொண்டு, கொம்பை எங்கே வைத்தோம் என்று தேடத் தொடங்கினார்.