மறுமொழி: ஐட்லர் புல்லி, டென்ஷன் புல்லி: தமிழில் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம். பவர் டில்லர் (கையால் பிடித்து ஓட்டும் சிறு உழவு எந்திரம்) கையேட்டைத் தமிழில் எழுதும்போது, பெல்ட்டோடு சும்மா சுற்றும் ஐட்லர் புல்லிக்கும் பெல்ட்டை இறுக்கும் டென்ஷன் புல்லிக்கும் என்ன சொல் வைப்பது என்று வந்த கீழ்க்காணும் மடலுக்கு இது பதில்.

> ஐட்லர் புல்லி: சோம்பு கப்பி. டென்ஷன் புல்லி: இறுக்கு கப்பி. வேறு யோசனை இருந்தால் சொல்லவும்.

சோம்பு கப்பி வேண்டாம் ஐயா. மதுரையில் சோம்பு என்றால் பெருஞ்சீரகம்தான். தவிர, அது சோம்பியும் கிடப்பதில்லை. பெல்ட் ஓடும்வரை அதுவும் கூடவே சுற்றுகிறது; விசையை வேறு தண்டுக்குக் கடத்துவதில்லை, அவ்வளவுதான்.

இறுக்கு கப்பியில் சிக்கல் வேறு. கையேட்டில் எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது. பழைய பவர் டில்லரில் பெல்ட்டைத் திரும்ப மாட்டும்போது முதலில் டென்ஷன் புல்லியின் போல்ட்டைத் தளர்த்தி, புல்லியை ஒதுக்கிவிட வேண்டும். பெல்ட்டைக் கையாலேயே பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினால் உள்ளிருக்கும் நூல் சேதமாகும், வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் புல்லியைப் பெல்ட்டின்மேல் அழுத்தி, தொய்வு பார்த்து, கடைசியாக போல்ட்டை முடுக்க வேண்டும். இந்த இடத்தில் "இறுக்கு கப்பியை இறுக்கவும்" என்று வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் வரைவைப் படித்துக் காட்டினேன். மெக்கானிக் தம்பி உடனே கேட்டார்: "எதைண்ணே இறுக்கச் சொல்றீங்க, பெல்ட்டையா போல்ட்டையா?"

என் யோசனை இது. பள்ளம் இருந்தால் கப்பி. பள்ளமில்லாமல் மொழுமொழுவென்று இருந்தால் உருளை. கமலை (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் முறை) இறைத்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பிரிவு புதிதல்ல. மேலே வடம் ஓடுவது பள்ளமுள்ள சக்கரத்தில். கீழே கிணற்று விளிம்பில் வால்கயிறு ஓடுவது உருளையில்.

இந்தப் பிரிவு வெறும் சொல் அழகுக்காக அல்ல, மாட்டுகிறவருக்கு வேலைக்கு ஆகும். வி-பெல்ட் (குறுக்கே வெட்டினால் V வடிவில் இருப்பது) தன் இரண்டு பக்கச் சரிவுகளால்தான் பிடிக்கிறது. பி அளவு பெல்ட் என்றால் மேலே 17 மி.மீ. அகலம், 11 மி.மீ. தடிமன், அதன் அடி, பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. தரை பளபளத்துக் கிடந்தால் கப்பியோ பெல்ட்டோ தேய்ந்துவிட்டது என்று பொருள். பெல்ட்டின் முதுகோ தட்டை. ஆகவே வெளியிலிருந்து முதுகை அமுக்குவதற்குத் தட்டையான உருளைதான் சரி. உள்ளிருந்து வெளியே தள்ளுவது பெரும்பாலும் பள்ளமுள்ள கப்பி. முதலாவது அமுக்கு உருளை, இரண்டாவது தள்ளு கப்பி. பெயரைப் படித்தாலே எது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். (சேர்த்து எழுதினால் 'அமுக்குருளை' ஆகிவிடும். இலக்கணம் சரிதான், தயவுசெய்து பிரித்தே எழுதுங்கள்.)

இனி கையேட்டு வாக்கியம் இப்படி வரும்: "அமுக்கு உருளையை விரலால் சுண்டிப் பார்க்கவும். கரகரத்தால் பேரிங்கை மாற்றிய பிறகே மாட்டவும். உருளை பெல்ட்டின் தளர்பக்கத்தில் (இழுவிசை குறைந்த பக்கம்) இருக்க வேண்டும். கப்பிகளுக்கு இடையே 300 மி.மீ. நீளம் என்றால், நடுவில் அழுத்தும்போது சுமார் 5 மி.மீ. தொய்வு இருக்கட்டும். பிறகு உருளையின் போல்ட்டை முடுக்கவும்." தொழி உழவு (சேற்று உழவு) முடித்து வந்த வண்டியில் உருளைக்குள் சேறு ஏறியிருக்கும். அது சுற்றாமல் நின்றால் புது பெல்ட்டும் முதுகு கருகிப்போகும். அதனால்தான் சுண்டிப் பார்ப்பதை முதலில் வைத்தேன்.

பெல்ட்டைப் பட்டை என்றே எழுத வேண்டும் என்ற அன்பருக்கு: கோச்சடையில் பெல்ட் ஆலை உள்ள ஊர் இது. கடையில் போய்ப் பட்டை கேட்டால் பிரியாணிக்கா என்பார்கள். பெல்ட் இருக்கட்டும். கப்பி பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருப்பதால் அதில் தகராறு இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் நெம்புகோலை விட்டதும் பெல்ட் தளர்ந்து துள்ளி வெளியேறாமல் இருக்கக் கப்பியை ஒட்டி வளைந்த கம்பி ஒன்று இருக்குமே, பட்டறையில் 'கைடு கம்பி' என்பார்கள். கழற்றி மாட்டும்போது பலர் விட்டுவிடுவது இதைத்தான். 'வழிகாட்டிக் கம்பி' என்று போன மடலில் வந்தது. அது வழி காட்டவில்லை, மறிக்கிறது. தடுப்புக் கம்பி என்று எழுதலாமா? மாற்றுக் கருத்து வந்தால் பார்ப்போம், இல்லையென்றால் இந்த மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.