ஓர் உயிரினம் மறைந்தால் மற்றொன்று அதன் இடத்தை நிரப்பிவிடாதா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். உணவு வலையில் ஓர் உயிரினம் அழிந்தால் அதைச் சார்ந்தவையும் அழியும் என்று படிக்கிறோம். ஆனால் ஓர் இரை கிடைக்காதபோது வேறு இரைக்கு மாறிக்கொள்ளும் விலங்குகளும் ஏராளமாக இருக்கின்றன. சூழல் மாறும்போது எந்தப் பிணைப்பு தாங்கும், எது அறுந்துபோகும் என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

மறுமொழி 1:
பிரிட்டனில் 1979-இல் அற்றுப்போன பெருநீல வண்ணத்துப்பூச்சியின் கதை இக்கேள்விக்கு நன்கு பொருந்தும். அதன் புழு முதலில் தைம் செடியின் பூக்களைத் தின்றுவிட்டுத் தரையில் விழுகிறது. எறும்புக் குஞ்சின் மணத்தைப் போன்ற மணம் அதன்மீது இருப்பதால், ஒருவகைச் செவ்வெறும்பு அதைத் தன் குஞ்சென்றே எண்ணிப் புற்றுக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கே ஏறத்தாழ பத்து மாதங்கள் அந்த எறும்பின் குஞ்சுகளையே தின்று அது வளர்கிறது. சேகரிப்பாளர்களைத் தடுக்க வேலி போட்டுக் காத்த இடத்திலும் வண்ணத்துப்பூச்சி மறைந்தது. ஏனெனில், அந்த வேலி மேயும் கால்நடைகளையும் வெளியே நிறுத்திவிட்டது. 1953-இல் பிரிட்டனை எட்டிய ஒரு வைரஸ் நோயால் முயல்களும் பெருமளவில் மடிந்தன. மேய்ச்சல் குறைந்ததால் புல் உயர்ந்து மண் குளிர்ந்தது. வெதுவெதுப்பான மண்ணை நாடும் அந்தக் குறிப்பிட்ட எறும்பு விலக, அதன் நெருங்கிய உறவினங்கள் அங்கே குடியேறின. பார்வைக்கு எறும்பும் இருந்தது, தைமும் இருந்தது. புழு பிழைக்க மட்டும் வழியில்லை. ஜெரமி தாமஸ் என்ற சூழலியலாளர் இதைக் கண்டறிந்த பிறகே, மேய்ச்சலை மீட்டு, சுவீடனிலிருந்து கொண்டுவந்த வண்ணத்துப்பூச்சிகளை 1980-களில் மீண்டும் அங்கே விட முடிந்தது.

மறுமொழி 2:
எதுவுமே மறையாமல் காலம் மட்டும் பிசகுவதும் உண்டு. நெதர்லாந்தின் ஓக் காடுகளில் பட்டாணிக்குருவி தன் குஞ்சுகளுக்கு ஊட்டும் புழுக்கள், வசந்தம் வெப்பமடைந்ததால் முன்னைவிட வெகுமுன்னரே பெருகி முடிந்துவிடுகின்றன. குருவி முட்டையிடும் காலமோ அதே அளவுக்கு முந்தவில்லை. ஆயினும் அக்குருவிகளின் தொகை சரிந்துவிடவில்லை. பிழைக்கும் குஞ்சுகள் குறையும்போது குளிர்காலத்தில் போட்டியும் குறைவதால், எஞ்சியவை கூடுதலாகத் தப்புகின்றன. இந்த ஈடு எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்பதே என் கவலை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால், ஓரிடத்தில் எத்தனை இனங்கள் உள்ளன என்று எண்ணுவது போதாது என்றாகிறதே?

மறுமொழி 3:
போதாது என்றே நானும் கருதுகிறேன். ஒன்றையே நம்பி வாழும் உயிர் எது, பலவற்றை உண்ணும் உயிர் எது என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். மறுபாதி கடினமானது. ராபர்ட் பெயின் என்ற சூழலியலாளர் 1963 முதல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்பாறை ஒன்றில் ஒரேயொரு நட்சத்திர மீன் இனத்தை மட்டும் தொடர்ந்து அகற்றிவந்தார். அந்த நட்சத்திர மீனை இரையாக நம்பி வாழ்ந்தவை என்று அங்கே பெரிதாக எதுவுமில்லை. ஆனாலும் அது தின்று கட்டுக்குள் வைத்திருந்த மட்டிகள் பாறையெங்கும் பரவி, பாசிகளையும் பிற சிற்றுயிர்களையும் நெருக்கித் தள்ளிவிட்டன. யார் யாரைத் தின்கிறார் என்ற படத்தில் இந்தச் சார்பு கோடாகத் தெரியாது. இடத்துக்கான போட்டியை யார் அடக்கிவைக்கிறார் என்று களத்தில் பார்த்தால்தான் புலப்படும்.