ராத்திரியில் பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்கள்? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தஞ்சாவூர் அம்மா

பிள்ளைக்குத் தூக்கம் சரியில்லை என்றால் எல்லோரும் முதலில் செல்போனைத்தான் திட்டுகிறோம். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் உடம்பில் இருக்கிற ஒரு குறை, பகலில் ஒன்றும் தெரியாமல் ராத்திரியில் மட்டும் தலைகாட்டுவதும் உண்டு. அப்படிக் கண்டுபிடித்தவர்கள் எழுதினால் மற்ற பெற்றோருக்கு உதவும். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

என் பையன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பெரியவர்களுக்குச் சமமாகக் குறட்டை விடுவான். "விளையாடின அசதி, நல்லா தூங்குறான்" என்பார்கள் வீட்டில். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாயைத் திறந்து, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குவான். குறட்டை திடீரென்று நிற்கும், நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சுச் சத்தமே இருக்காது. பிறகு ஒரு திணறலோடு புரண்டு படுப்பான். காலையில் தலையணை உறை எச்சிலில் நனைந்திருக்கும். படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்தியிருந்தவன் மறுபடி போக ஆரம்பித்தான். "ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான், கவனமே இல்ல" என்று வகுப்பு ஆசிரியையும் சொன்னார்.

தூங்கும்போது செல்போனில் வீடியோ எடுத்து காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினேன். பாதி வேலை அதிலேயே முடிந்தது. மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு சதையும் டான்சிலும் வீங்கி மூச்சை அடைக்கின்றன என்றார். தூக்கம் அடிக்கடி கலைவதால்தான் பகலில் அந்தத் துறுதுறுப்பாம். தூக்கம் போதாத பெரியவர்கள் சோர்ந்து விழுவார்கள், சின்னப் பிள்ளைகள் பல நேரம் ஆட்டம் போடுவார்கள் என்று அவர் சொன்னதை இங்கே எல்லா அம்மாக்களும் குறித்துக்கொள்ள வேண்டும். லேசாக இருந்தால் மூக்கு ஸ்ப்ரேயிலேயே குறையும். இவனுக்குக் குறையவில்லை, ஆபரேஷன் செய்தோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டையில் வெள்ளையாகப் படலம் தெரியும், வாய் நாறும். அது புண் ஆறுவதுதான், சீழ் இல்லை. குழைந்த தயிர்சாதம், இளநீர், ஐஸ்கிரீம் கொடுத்தோம். வாயில் ரத்தம் வந்தால் மட்டும், ஒரு வாரம் கழித்து வந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இப்போது வாயை மூடித் தூங்குகிறான். படுக்கையும் நனைவதில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

அக்கா எழுதியது எங்கள் ஆசிரியர்களும் படிக்க வேண்டியது. நான் பெரிய பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பில் ஒரு பெண், மதியம் முதல் பீரியடிலேயே தலை சாய்ந்துவிடும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "டீச்சர், ராத்திரி ரெண்டு காலையும் சும்மா வச்சிருக்கவே முடியல, உள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, ஆட்டிக்கிட்டே இருந்தாத்தான் நல்லா இருக்கு" என்றது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், உள்ளே வெளுத்திருந்தது. அவள் அம்மாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.6. அந்த வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாது. இரும்புச்சத்து குறைந்தால் இப்படி ராத்திரிக் கால் குடைச்சல் வரலாம் என்று மருத்துவர் விளக்கினார்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பல பெண்கள் பாவாடைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய் எறிகிறார்கள். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்ற பயம். சத்துணவு சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டல் குறையும். கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், கெடுதல் இல்லை. டீ, காபியை அதோடு சேர்க்காதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ நல்லது. இதை ஒருமுறை பொறுமையாகச் சொன்ன பிறகு என் வகுப்பில் மாத்திரை குப்பைக்குப் போவதில்லை.

இன்னொன்றும் மனசு பொறுக்காமல் சொல்கிறேன். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குத் தூக்கம் தரும் மெலடோனின் சுரப்பதே ராத்திரி தள்ளித்தான் தொடங்குகிறது. பதினொரு மணி வரை தூக்கம் வரவில்லை என்பது எப்போதும் அடம் இல்லை. அவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியற்காலை நாலரைக்கு எழுப்பிப் படிக்க வைத்து, எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்புக்கும் அனுப்பினால் எப்படித் தாங்கும்? பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசுங்கள், நாங்களும் பேசுகிறோம்.

கோவை அப்பா

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. படுத்து ஒரு மணி நேரத்தில் வீறிட்டு அலறுவாள். கண் திறந்திருக்கும், வேர்த்துக் கொட்டும், என்னையே தள்ளிவிடுவாள். கால் மணி நேரத்தில் அப்படியே சாய்ந்து தூங்குவாள். காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகம் இருக்காது.

"மாப்ளே, பிள்ளை எங்கியோ பயந்திருக்குது, மந்திரிச்சுக் கயிறு கட்டீரலாமுங்க" என்றார்கள் என் மனைவியின் அம்மா. கட்டட்டும், கயிறால் கெடுதல் இல்லை. வேப்பிலை அடிப்பதையும், சாம்பிராணிப் புகை போடுவதையும் மட்டும் வேண்டாமென்றேன். அவளுக்கு வீசிங் உண்டு.

குழந்தை மருத்துவர் சொன்னது இது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் விழித்த நிலை, கெட்ட கனவு இல்லை. கெட்ட கனவு பெரும்பாலும் விடியலை ஒட்டி வரும், பிள்ளை எழுந்து கதை சொல்லும். இது தூங்கிய முதல் சில மணி நேரத்தில் வரும். உலுக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், கட்டிலிலிருந்து விழாமல் பக்கத்தில் இருந்தால் போதும். தூக்கம் குறைந்த நாளிலும் காய்ச்சல் நாளிலும் கூடும். நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டையும் படுக்கையையும் ஒரு மணி நேரம் முன்னதாக்கினோம். தினமும் ஒரே நேரத்தில் வந்ததால், அதற்குக் கால் மணி முன்பு லேசாகத் தொட்டு எழுப்பிப் புரட்டிப் படுக்க வைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

ஒரே ராத்திரியில் பல தடவை வந்தால், கை கால் ஒரு பக்கமாக வெட்டி இழுத்தால், அது வலிப்பாகவும் இருக்கலாம். வீடியோ எடுத்துக்கொண்டு தாமதிக்காமல் போங்கள்.

பேரன் பேத்தி பார்க்கும் பாட்டி, விருதுநகர்

எங்க வீட்டுல சின்னவன் ராத்திரியானா ஆசனவாயைச் சொறிஞ்சுக்கிட்டுப் புரளுவான். டார்ச் அடிச்சுப் பார்த்தேன், மெல்லிசா வெள்ளைப் புழு. கீரிப்பூச்சி. பொட்டைப் புழு ராத்திரிலதான் முட்டையிட வெளிய வரும். அவனுக்கு மட்டும் மருந்து கொடுத்தா பத்தாது கண்ணு, வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல சாப்பிட்டு, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி சாப்பிடணும். நகத்தை ஒட்ட வெட்டி, காலையில குளிப்பாட்டி, விரிப்பைச் சுடுதண்ணியில துவைச்சேன். பள்ளிக்கூடத்துல பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் தர்ற பூச்சி மாத்திரையையும் விடாம போடச் சொல்லுங்க.

தஞ்சாவூர் அம்மா

நன்றிங்க பாட்டி. தனிச்செய்தியில் ஒரு தங்கை, பையன் ராத்திரியில் கால் வலி என்று அழுவதாகக் கேட்டிருந்தார். இரண்டு காலும் வலித்து, எண்ணெய் தேய்த்துவிட்டால் அடங்கி, காலையில் குதித்து ஓடுகிறான் என்றால் வளரும் பிள்ளைகளுக்குப் பொதுவாக வருவதுதான். ஒரே கால் மட்டும் வலித்தாலோ, காலையிலும் நொண்டினாலோ, வீக்கமோ காய்ச்சலோ இருந்தாலோ, எடை குறைந்தாலோ தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். மருத்துவர் எந்தக் கால், எந்த நேரம், எத்தனை நாளாக என்றுதான் முதலில் கேட்பார். அதைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.