களிமண் வயலுக்கு முதல் சின்ன ட்ராக்டர்: பழைய ஜப்பான் வண்டியா, புது 35 எச்பியா?

பெகு வயல்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவில் பெகுப் பக்கம் 8 ஏக்கர் நெல் வயல், அதை ஒட்டி மேட்டு நிலம் 2 ஏக்கர் (வாழை, மிளகாய், கத்தரி). வயல் முழுக்கக் களி. மழைக்கால நெல் அறுத்த கையோடு உளுந்து போடுகிறோம். இருப்பது ஒரு சீனக் கைட்ராக்டர். அறுப்பு முடிந்து அது உழுது முடிப்பதற்குள் வயலில் ஈரம் போய்விடுகிறது.

பார்த்து வைத்திருப்பது இரண்டு. ஒன்று, ஜப்பானில் ஓடிவிட்டு வந்த 24 எச்பி, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, ரோட்டவேட்டரோடு (சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் கருவி). மற்றது புது இந்திய வண்டி, 35 எச்பி, பின்சக்கரம் மட்டும் இழுக்கும், எடை 1,800 கிலோ. அப்பா பெரியதையே வாங்கச் சொல்கிறார், டிரெய்லரும் இழுக்கலாம் என்று. 24 எச்பி இந்தக் களிக்குப் போதுமா? பழைய வண்டி என்றால் எதையெல்லாம் பார்த்து வாங்குவது?

நெற்குதிர்:

தம்பி, எச்பியைப் பிறகு பார்க்கலாம். முதலில் வயலை அளந்து பாருங்கள். சேற்றுக்கு அடியில் ஒரு கெட்டித் தளம் இருக்கும். வருஷக்கணக்காகச் சேறடித்து அமுங்கிய மண் அது. பெரும்பாலான நெல் வயல்களில் 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் கிடைக்கும். ட்ராக்டரைத் தாங்குவது அந்தத் தளம்தான். அதை உடைத்துவிட்டால் வண்டி வயிறு வரை இறங்கும், அடுத்த வருஷமும் அதே இடத்தில் இறங்கும், தண்ணீரும் நிற்காமல் கீழே ஓடும்.

12 மி.மீ. இரும்புக் கம்பி ஒன்று போதும். தண்ணீர் கட்டி ஒரு வாரம் ஊறிய வயலில் கையால் அழுத்துங்கள்; எங்கே நிற்கிறதோ அதுதான் தளம். ஏக்கருக்கு ஏழெட்டு இடம் குத்திப் பாருங்கள். மடை ஓரம், பழைய ஓடை போன தடம், வைக்கோல் போர் மக்கிய இடம் இவற்றை விடாதீர்கள். சின்ன ட்ராக்டர் பலவற்றில் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 30 முதல் 35 செ.மீ.தான். கம்பி 30 செ.மீ.க்கு மேல் இறங்கும் இடம் நிறைய இருந்தால் 1,800 கிலோ வண்டியை மறந்துவிடுங்கள். 24 எச்பி ஜப்பான் வண்டி சுமார் ஒரு டன்தான் இருக்கும். முன்சக்கரமும் சேர்ந்து இழுப்பதால் எடை குறைவே அங்கே லாபம்.

போதுமா என்பதற்குக் கணக்கு. 4 அடி ரோட்டவேட்டர், மணிக்கு 2.5 கி.மீ. வேகம், திரும்புவது, ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது எல்லாம் கழித்தால் ஏக்கருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். 8 ஏக்கர், இரண்டு சால் என்றால் 28 மணி நேரம், அதாவது நாலைந்து நாள். டீசல் மணிக்கு மூன்றரை லிட்டர் வைத்தால் மொத்தம் 22 காலன் சுமாருக்கு வரும். 8 ஏக்கருக்கு இது தாராளம். 24 எச்பியில் 5 அடி ரோட்டவேட்டர் மட்டும் மாட்டாதீர்கள். என்ஜினில் 24 என்றால் பி.டி.ஓ.வுக்கு (பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டு) வருவது 20 சொச்சம். களியில் 5 அடி போட்டால் என்ஜின் திணறும், நீங்கள் ஆழத்தைக் குறைப்பீர்கள், கடைசியில் மேலே சொறிந்த மாதிரிதான் உழவு இருக்கும்.

உளுந்துக்கு உழும்போது மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். நூலாகத் திரண்டால் இன்னும் ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும். அந்த ஈரத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினால் மண் இழுபட்டு வழுவழுப்பாகி, காய்ந்ததும் செங்கல். உருட்டும்போது பொடிந்தால் இறங்கலாம். இந்தப் பக்குவம் ரொம்ப நாள் நிற்காது. வண்டி வாங்குவதே அதற்குள் முடிப்பதற்குத்தான்.

மோல்மேன் பட்டறை:

பழைய ஜப்பான் வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு.

போகும் முன்பே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள், என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பயமில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், காற்று குபுகுபு என்று தள்ளினாலும் அதே வியாதிதான்.

என்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம். அதை மாற்றுவது சுலபம். கிளட்ச், பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்க, மீட்டர் 600 மணி காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அதிகம் செலவு வைப்பது முன் ஆக்சில். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் பெட்டியின் அடி போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். பால் கலந்த மாதிரி ஆயில் வந்தால் சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பேரிங்கும் பல்லும் அரித்திருக்கும். கியர், ஹைட்ராலிக் ஆயிலுக்கும் இதே சோதனை.

ரோட்டவேட்டரை மேலே தூக்கி என்ஜினை அணைத்துவிட்டு, அடியில் யாரும் நிற்காமல் பத்து நிமிடம் விடுங்கள். கண் முன்னாலேயே இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. பல வண்டிகளில் ரோட்டவேட்டரைத் தானாகச் சமன்படுத்தும் சென்சார் உண்டு. வேலை செய்தால் நல்லது. செத்துப் போயிருந்தால் அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், ரிப்பேருக்கு அலைய வேண்டாம், கையால் சமன்படுத்தியே ஓட்டலாம்.

பி.டி.ஓ.வில் மூன்று நாலு வேகம் இருக்கும், எழுத்தெல்லாம் ஜப்பான் மொழியில். இந்திய ரோட்டவேட்டர் மாட்டினால் நிமிஷத்துக்கு 540 சுற்று வரும் வேகம் எதுவோ அதில் மட்டும் ஓட்டுங்கள்; பெரும்பாலும் முதல் வேகம். மேல் வேகத்தில் விட்டால் ரோட்டவேட்டர் கியர் பெட்டி சூடேறிப் போய்விடும். பின்னால் கருவியை மாட்டும் கைகளின் இணைப்பு ஊசியையும் அளந்து பாருங்கள். கீழ்க்கை ஊசி 22 மி.மீ. என்றால் கடையில் கிடைக்கும் கருவிகள் நேராக மாட்டும். 16 மி.மீ. என்றால் ரொம்பச் சின்ன வகை, ஒவ்வொரு கருவிக்கும் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும்.

கடைசியாக, மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போய் உங்கள் ஊர் உதிரிபாகக் கடையில் ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கிளட்ச் தட்டு, முன் ஆக்சில் சீல் நாலும் கேளுங்கள். நாலில் இரண்டு கிடைக்காவிட்டால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

தட்டோன் மேட்டுக்காடு:

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மற்றவர்களின் நெல்லை வாடகைக்கு ஏற்றுவது, செங்கல் மணல் இழுப்பது என்றால் எடைதான் பாதுகாப்பு. ஒரு டன் வண்டி இரண்டு டன் டிரெய்லரை மேட்டில் இழுத்துவிடும். இறக்கத்தில் டிரெய்லர் அதைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த வருமானம் உறுதியாக இருந்தால் மட்டும் 35 எச்பி. அப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் மாடலைக் கேளுங்கள். சும்மா வருஷத்துக்கு நாலு நடை உங்கள் நெல்லை ஏற்ற என்றால் வாடகை வண்டி மலிவு.

பெகு வயல்காரன்:

அண்ணன்மாருக்கு நன்றி. இன்று கம்பி குத்திப் பார்த்தேன். பெரும்பாலும் 18, 20. மடைக்குப் பக்கம் அரை ஏக்கர் மட்டும் 40 வரை போகிறது. கேஜ் வீல் (சேற்றில் பிடிக்கும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டால் அங்கேயும் இறங்கலாமா?

நெற்குதிர்:

இறங்க வேண்டாம். அந்த அரை ஏக்கருக்குத்தான் உங்கள் கைட்ராக்டர் இருக்கிறதே, விற்காமல் வைத்திருங்கள். மூலைகளுக்கும் மிளகாய்ப் பாத்திக்கும் அதுவே வசதி.

மற்ற இடத்துக்கு டயரை ஒட்டி மாட்டும் அரைக் கேஜ் போதும். டயரை விட விட்டம் கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும். கெட்டித் தரையில் டயர் மட்டும் பதியும், சேற்றில் இறங்கும்போதுதான் கேஜ் பிடிக்கும். அகலமான கேஜ் ஆக்சில் பேரிங்கைத் தின்னும்.

புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். ரோட்டவேட்டரை நிறுத்தித் தூக்கி, டிஃப்பரன்ஷியல் லாக் (இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே சுற்ற வைப்பது) போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். வரவில்லை என்றால் வேறு வண்டியால் இழுப்பதுதான் வழி. பின்சக்கரத்தில் கட்டை கட்டி முன்னால் ஏற்றுவதைச் சில இடத்தில் பார்க்கலாம். சக்கரம் சுற்ற வழியில்லாமல் வண்டியின் மூக்கு தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழும். குதிக்க நேரம் இருக்காது.

வரப்பையும் நேர்க்குத்தாகவே கடக்க வேண்டும், சாய்வாக ஏறக்கூடாது. உயரமான வரப்பு என்றால் பின்பக்கமாக ஏறுங்கள். திஞ்சானுக்குப் (ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டு) பிறகு முதல் மழைக்கு முன்னால், காய்ந்த மண்ணிலேயே வயலுக்கு ஒரு சரிவு வெட்டி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

மோல்மேன் பட்டறை:

ஒன்று விட்டுப்போனது. கூர்மையாகத் திரும்பும்போது முன்சக்கரம் இரட்டை வேகத்தில் சுற்றும் வசதி சில ஜப்பான் வண்டிகளில் உண்டு. வயல் முனையில் அருமை. ரோட்டில் அதையும் முன்சக்கர இழுப்பையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முன் டயர் சீக்கிரம் மொட்டையாகிவிடும். டயர் மாற்றும்போதும் முன்னுக்கும் பின்னுக்கும் அந்தந்த வண்டிக்கு உரிய அளவையே போட வேண்டும். கடையில் கிடைத்த வேறு அளவைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக் கியர் பல் போகும்.

டீசல் பீப்பாயில் வாங்கினால் ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் நாலு விரல் விட்டு மேலே உள்ளதை மட்டும் இறையுங்கள். மழைக்காலத்தில் ஃபில்டர் கிண்ணத்தைத் தினமும் காலையில் பாருங்கள், தண்ணீர் தெரிந்தால் வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.