உச்சக்கட்டம், திருப்புமுனை, அச்சாணி: பழிவாங்கல் துன்பியலுக்கு எது பொருந்தும்?

நண்பர்களுக்கு வணக்கம். பழிவாங்கல் துன்பியலில், அதாவது பழிவாங்கப் போய் அழிவில் முடியும் நாடகத்தில், கதை திசைமாறும் காட்சிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் பேச்சு. உங்கள் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

> பழிவாங்கல் துன்பியலில் கதை திசைமாறும் காட்சிக்கு 'உச்சக்கட்டம்' போதாதா?

போதாது. உச்சக்கட்டம் என்றதும் நம் வாசகர் கதை முடியப்போகிறது என்று எழுந்துகொள்ளத் தயாராகிவிடுகிறார். 1863-இல் ஜெர்மன் எழுத்தாளர் குஸ்தாவ் ஃபிரைடாக் ஐந்து அங்க நாடகத்தைக் கூம்பாக வரைந்தபோது உச்சியை நடுவில்தான் வைத்தார். நாம் அதை இழுத்துப்போய்க் கடைசியில் நட்டுவிட்டோம். இனிப் பிடுங்க முடியாது.

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சியைப் பாருங்கள். அண்ணனைக் கொன்று அரியணை ஏறிய கிளாடியஸ் தனியே மண்டியிட்டிருக்கிறான். கொல்லப்பட்ட அண்ணனின் மகன் ஹாம்லெட் வருகிறான், வாளை உருவுகிறான். தடுக்க ஆளில்லை. ஆனால் பிரார்த்தனையில் இருப்பவனைக் கொன்றால் அவன் நேரே சொர்க்கத்துக்கல்லவா போவான் என்று கணக்குப் போட்டு, வாளை உறையில் செருகிக்கொண்டு போய்விடுகிறான். அவன் போன பிறகு கிளாடியஸ் எழுந்து, தன் சொற்கள்தாம் மேலே போயின, எண்ணம் கீழேயே கிடக்கிறது என்கிறான். பிரார்த்தனையே நடக்கவில்லை! அது நமக்குத்தான் தெரியும். ஹாம்லெட்டுக்குக் கடைசிவரை தெரியாது.

அடுத்த காட்சியில் திரைச்சீலைக்குப் பின்னால் குரல் கேட்டதும் கணக்கே பார்க்காமல் குத்துகிறான். செத்தது கிளாடியஸ் அல்ல, அவனுடைய ஆலோசகர் பொலோனியஸ். இப்போது தந்தைக்காகப் பழிவாங்க இன்னொரு மகன், லேயர்ட்டீஸ், வந்துவிடுவான். ஹாம்லெட் பழிக்கு ஆளானவன். குத்திய காட்சிதான் முக்கியம் என்பவர்கள் உண்டு. குத்தாமல் விட்ட காட்சி என்பது என் கட்சி.

> 'அச்சாணிக் காட்சி' என்று வைக்கலாமே. குறளிலேயே இருக்கிற சொல்.

அழகான சொல்தான். ஆனால் அச்சாணியின் வேலை சக்கரம் கழன்று ஓடாமல் பிடித்துவைப்பது; திருப்புவது அல்ல. கதவு சுழல்வது குடுமியில் என்பதால் 'குடுமிக் காட்சி' என்று எழுதிப் பார்த்தேன். நானே சிரித்துவிட்டு அழித்தேன்.

மிஞ்சுவது 'திருப்புமுனை'. தேர்தல், கிரிக்கெட், கொலை வழக்கு என்று எல்லாவற்றுக்கும் போட்டுத் தேய்த்துவிட்டோம். அதைவிட இலக்கணம் உறுத்துகிறது. திருப்புவதற்கு ஓர் ஆள் வேண்டும். மேலே சொன்ன காட்சியில் யாரும் எதையும் திருப்பவில்லை. ஹாம்லெட் வேலையைத் தள்ளிப்போடுவதாகத்தான் நினைக்கிறான். கதை தானே திரும்பிவிட்டது. அதனால் தன்வினையில் 'திரும்புகாட்சி' என்று வைக்கலாம் என்கிறேன். சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகை; நடுவில் 'க்' போட்டுவிடாதீர்கள்.

ஓர் இடத்தில் எனக்கே உதைக்கிறது. வழக்குரை காதையில் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் பாண்டியனின் வாயருகே தெறிக்கிறது. தேவியின் சிலம்பில் இருந்தவையோ முத்துகள். அவன் தன்னைக் கள்வன் என்று தானே தீர்ப்பெழுதி விழுந்து சாகிறான். நீதி கிடைத்துவிட்டது, ஆனாலும் மதுரை எரிகிறது. வழக்காட வந்தவள் பழிவாங்குபவளாக மாறுவது இங்கேதான். ஆனால் ஹாம்லெட்டைப் போல அவள் தலைமேல் பழி திரும்பவில்லை. 'பழிவாங்குபவர் பழிக்கு ஆளாகும் காட்சி' என்று வரையறுத்தால் இது வெளியே போய்விடும், எனக்கு மனமில்லை.

'பழி தேடிப்போகும் ஆள் மாறிவிடும் காட்சி' என்று இப்போதைக்குக் குறித்திருக்கிறேன். மன்னனைத் தேடி வந்த பழி நகரத்தின் மேல் பாய்வதும் இதில் அடங்கும். ஆனால் நகரத்தை 'ஆள்' என்பது சரியா? இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.