அவசரம்: 1/32 அளவு மிக்-21 பிளாஸ்டிக் மாடல், சில்வர் பெயிண்ட் டேப்போட உரியுது, இறக்கை ஓரத்துல வெடிப்பு. என்ன பண்ணலாம்?

திருநகர்32 · செவ்வாய் இரவு 11.40
அண்ணன்மாரே, அவசரம். மிக்-21 முழுக்க சில்வர் அடிச்சு முடிச்சாச்சு. இன்னைக்கு எக்ஸாஸ்ட் பக்கம் கருஞ்சில்வர் அடிக்கிறதுக்காக டேப் ஒட்டி எடுத்தா சில்வர் அப்படியே டேப்போட வருது. சில இடத்துல கீழ இருக்கிற கருப்பும் சேர்ந்து வருது. அதோட இறக்கையும் உடம்பும் சேருற இடத்துல சிலந்திவலை மாதிரி மெல்லிசா வெடிப்பு, ரெண்டு பக்கமும். மேல இன்னொரு கோட் அடிச்சா மூடிருமா? ஞாயித்துக்கிழமை ஸ்கூல் கண்காட்சில வைக்கணும். வெரசா சொல்லுங்க.

மேலூர்_ஏர்பிரஷ் · 11.52
இன்னொரு கோட் மட்டும் அடிச்சிராதீங்க. என்ன கிட்? என்ன கருப்பு, என்ன சில்வர், என்ன தின்னர்? ப்ரைமர் போட்டீங்களா? காத்தழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ., எவ்வளவு தூரத்துல இருந்து அடிச்சீங்க? கருப்புக்கும் சில்வருக்கும் நடுவுல எத்தனை மணி நேரம் விட்டீங்க?

வண்டியூர்_கிட் · 11.58
கிட்டைப் பிரிச்சதும் பாகங்களைக் கழுவுனீங்களா? அச்சுல இருந்து கழட்ட ஒரு எண்ணெய் பூசுவாங்க, அது பாகத்து மேல படிஞ்சிருக்கும். வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு சொட்டு விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சுக் காய வைக்கணும். உரியுறதுன்னாலே முக்கால்வாசி இதுதான்.

ஒத்தக்கடை_கம்ப்ரசர் · புதன் காலை 6.10
எனக்கு சந்தேகம் காத்து மேல. கம்ப்ரசர் என்ன? பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரா இருந்தா காத்தோட எண்ணெய் ஆவியும் வரும். பெயிண்ட் ஊத்தாம, முகம் பாக்குற கண்ணாடி மேல வெறும் காத்தை ரெண்டு நிமிஷம் அடிச்சுப் பாருங்க. வழவழன்னு படலம் படிஞ்சா எண்ணெய், துளித்துளியா நின்னா தண்ணி. வடிகட்டி எங்க மாட்டியிருக்கு? டேங்க் வாயிலேயே மாட்டுனா காத்து சூடா இருக்கும், தண்ணி பிரியாம அப்படியே கடந்து போயிரும். மூணு மீட்டர் குழாய் விட்டு, ஆறுனதுக்கப்புறம் ஏர்பிரஷ் பக்கத்துல மாட்டணும்.

மூத்த_ரிவெட் · 7.35
தம்பி, இந்தக் கேள்வி இங்க பல தடவை வந்தாச்சு. சில்வர் அடிக்கிறது கடைசிப் பாடம். பட்டி, ப்ரைமர், தேய்ப்பு மூணும் கைவராம சில்வரைத் தொடக்கூடாது. பச்சை, சாம்பல் அடிச்சுப் பழகிட்டு அப்புறம் வாங்க. அது போக, "மிக்-21"னு மொட்டையா சொன்னா எந்த மிக்-21?

திருநகர்32 · 8.20
டிரம்பெட்டர் கம்பெனி கிட், எம்.எஃப். வகை. 1971 போர் விமானமா பண்றேன். கருப்பு கார் பெயிண்ட், சில்வர் ஆல்கிளாட் 101. ப்ரைமர் போடல, கருப்பே ப்ரைமர்தான்னு நெனச்சேன். தின்னர் சாதா தின்னர். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ்தான். ட்யூட்டிக்குப் போறேன், சாயங்காலம் பாக்கறேன்.

மேலூர்_ஏர்பிரஷ் · 8.31
சாதா தின்னர்னா எது? மர, கார் பெயிண்ட்டுக்குக் கலக்குற, லூஸ்ல வாங்குன என்.சி. தின்னரா? அதுதான் எல்லாத்துக்கும் முக்கியம். இன்னொன்னு, கருப்பு எந்தெந்த இடத்துல உரியுது? முழுசாவா, இல்ல இணைப்புக் கோட்டு மேல மட்டுமா?

ஒத்தக்கடை_கம்ப்ரசர் · 8.40
ஃப்ரிட்ஜ்! நான் சொன்னேன்ல.

மூத்த_ரிவெட் · 9.05
1971-ல நம்மகிட்ட இருந்து சண்டைக்குப் போனது எஃப்.எல்., அதாவது டைப் 77. எம்.எஃப். கிட்டுல அதைப் பண்ண முடியாது. எஃப்.எல்.-க்கு முதுகு ஒல்லி, உங்க கிட்டுல முதுகு பருமன். எஃப்.எல்.-க்கு குண்டு, ராக்கெட் தொங்கவிட இறக்கைக்கு ஒரு கொக்கிதான், உங்க கிட்டுல ரெண்டு ரெண்டா நாலு. எஃப்.எல்.-ல உள்ள பீரங்கியே கிடையாது, தேவைன்னா வயித்துல ஜி.பி.-9 கூண்டு மாட்டுவாங்க. எம்.எஃப்.-ல 23 மி.மீ. இரட்டைக்குழல் உடம்புக்குள்ளேயே இருக்கு. மூக்குல இருக்கிற பிட்டாட் கம்பிகூட (வேகம் அளக்குற குழாய்) எஃப்.எல்.-ல நடு உச்சில, எம்.எஃப்.-ல வலது பக்கம் தள்ளி. இதெல்லாம் பாக்காம டின்னைத் தொறந்தா இப்படித்தான்.

வண்டியூர்_கிட் · 9.22
அவர் கேட்டது வெடிப்பு. ஆனா பேச்சு வந்ததால சொல்றேன், கிட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்ல. டைப் 96, அதாவது மிக்-21 எம், நம்ம அரசு விமானக் கம்பெனி எச்.ஏ.எல். நாசிக்ல 1973-ல இருந்து கட்டுனது. எஞ்சின் வேற, அதுல ஆர்-11, எம்.எஃப்.-ல ஆர்-13. மூடி வெச்சுட்டா வெளிய ஏறத்தாழ ஒரே உருவம். 1971-னு பலகை எழுதாம டைப் 96-னு எழுதுனா ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது.

மூத்த_ரிவெட் · 9.40
1971 வேணும்னுதான் அந்தத் தம்பி கேக்குறாரு. டிசம்பர் 14 டாக்கா கவர்னர் மாளிகை மேல நம்ம விமானப்படை 28-வது ஸ்குவாட்ரன் மிக்-21கள் 57 மி.மீ. ராக்கெட் போட்டுச்சே, அதெல்லாம் எஃப்.எல். இறக்கைக்கு ஒரு ராக்கெட் கூண்டு, ஒரு கூண்டுல 16. நாலு கொக்கி வெச்சு அதைக் காட்டுனா பாக்குற பிள்ளைங்க தப்பாப் படிக்கும்.

சிம்மக்கல்_ஃபாயில் · 10.15
பெயிண்ட்டே வேண்டாங்க. 1/32-ல பேனல் பேனலா அலுமினியம் ஃபாயில் ஒட்டலாம். சமையல் ஃபாயிலோட மங்கல் பக்கம் மேல வர்ற மாதிரி, பசையை மெல்லிசாத் தடவி, பஞ்சு முனையால நடுவுல இருந்து ஓரத்துக்குத் தேய்க்கணும். பக்கத்துப் பேனலுக்கு 90 டிகிரி திருப்பித் தேய்ச்சா உலோகத்தோட ஓட்டமே மாறித் தெரியும். எந்த சில்வரும் கிட்ட வராது.

மூத்த_ரிவெட் · 10.30
நிஜ விமானம் பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்காது. ரஷ்ய அலுமினியத் தகட்டு மேல தெளிவான லேக்கர் ஒரு கோட் உண்டு. வெயில்ல அது மஞ்சள் ஏறி மங்கும். ஃபாயில் அங்க பொய்யாத் தெரியும்.

சிம்மக்கல்_ஃபாயில் · 10.44
அதுக்குத்தான் மங்கல் பக்கம்னு சொன்னேன். மேல மஞ்சள் ஒரு துளி கலந்த கிளியர் அடிச்சா நீங்க சொல்ற அதே லேக்கர். பெயிண்ட் சில்வர்ல துகள் தெரியும், 1/32-ல கிட்ட வந்து பாப்பாங்க.

மூத்த_ரிவெட் · 10.51
ஆல்கிளாட்ல துகள் தெரியுதுன்னா அடிச்ச கை சரியில்ல.

வண்டியூர்_கிட் · 11.20
ரெண்டு பேரும் தனி இழை தொறந்துக்கங்க அண்ணே. கேட்டவர் ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும்.

திருநகர்32 · புதன் இரவு 9.15
லூஸ் தின்னர்தான், ஹார்ட்வேர் கடையில வாங்குனது. கருப்பு உரியுறது முதுகுக் கோட்டுல, வயித்துக் கோட்டுல. அங்க ஃபெவிகுவிக் போட்டுத் தேய்ச்சிருந்தேன். இறக்கை இடைவெளி மூடலன்னு ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி ஒட்டுனேன். 30 பி.எஸ்.ஐ., ஒரு சாண் தள்ளி, மொட்டை மாடி ஷெட்டுல மத்தியானம். கண்ணாடி சோதனை பண்ணேன், நாலஞ்சு துளி தண்ணிதான், எண்ணெய் இல்ல. ஏதாவது சொல்லுங்க.

மேலூர்_ஏர்பிரஷ் · 10.05
இப்பத்தான் படம் தெளியுது. உங்ககிட்ட இருக்கிறது ஒரு கோளாறு இல்ல, மூணு. மூணுக்கும் காரணம் வேற, அதனால ஒரே மருந்து கேக்காது.

முதல்ல வெடிப்பு. லூஸ் என்.சி. தின்னர்ல டொலுவீன், அசிட்டேட் வகைங்க இருக்கும், பாலிஸ்டைரீனைக் கரைக்கும். ஆனா பிளாஸ்டிக் இழுவிசை இல்லாம சும்மா கிடந்தா மேல்தோல் மட்டும் இளகித் திரும்ப இறுகிரும். இழுத்துப் பிடிச்ச நிலைல இருந்தா கரைப்பான் உள்ள புகுந்து, இழுவிசைக்குக் குறுக்கால மயிரிழை மயிரிழையாப் பிளக்கும். உங்க விமானத்துல இழுவிசை எங்க இருக்கு? ரப்பர் பேண்ட்டால இறுக்கின இறக்கை அடில. அதான் வெடிப்பு அங்க மட்டும், ரெண்டு பக்கமும்.

நம்பலன்னா ஸ்ப்ரூல, அதாவது பாகங்களைக் கோத்திருக்கிற பிளாஸ்டிக் சட்டத்துல, ரெண்டு துண்டு வெட்டுங்க. ஒன்னை நேரா வைங்க. இன்னொன்னை வில்லு மாதிரி வளைச்சு ரெண்டு முனையும் கிளிப் போட்டுப் பிடிங்க. ரெண்டுலயும் அதே தின்னரைப் பிரஷ்ஷால தடவி அஞ்சு நிமிஷம் விட்டுப் பாருங்க.

ரெண்டாவது கருப்பு. ஃபெவிகுவிக் இறுகுனா கண்ணாடி மாதிரி. நீங்க அதை வழவழன்னு தேய்ச்சு வெறுமனே விட்டுட்டீங்க, பெயிண்ட் பிடிக்க அங்க சொரசொரப்பே இல்ல. பிளாஸ்டிக்கைத் தின்னர் கடிச்சுப் பிடிக்கும், ஃபெவிகுவிக்கைக் கடிக்காது. ப்ரைமர் இந்த ரெண்டு தரையையும் ஒரே தரையா ஆக்கத்தான்.

மூணாவது சில்வர். அழகர் ஆத்துல இறங்கி முடிஞ்சு அக்னி நட்சத்திரம் ஓடுது. மத்தியானம் ஷீட் கூரைக்குக் கீழ 40 டிகிரிக்கு மேல, 30 பி.எஸ்.ஐ., ஒரு சாண் தூரம். ஆல்கிளாட் துளி போய் விழுறதுக்குள்ளேயே காத்துல காஞ்சுரும். பொடியாத்தான் போய் உக்காரும், ஒட்டாது. விரலால தேய்ச்சா சாம்பல் நிறத்துல கையில வருதான்னு பாருங்க. வந்தா அதான்.

இப்ப வேலை. உரிஞ்ச சில்வரை 2000 வாட்டர் பேப்பரும் சோப்புத் தண்ணியும் வெச்சு முழுசா எடுங்க. கருப்புல டேப் ஒட்டிப் பிடுங்கிப் பாருங்க, நிக்கிற இடம் அப்படியே இருக்கட்டும், வர்ற இடத்தை பிளாஸ்டிக் வரைக்கும் இறக்குங்க.

இறக்கை அடில மேல மேல பட்டி போட்டுப் பிரயோஜனம் இல்ல, இழுவிசை உள்ள இருக்கிற வரைக்கும் திரும்ப வெடிக்கும். மெல்லிய ரம்பப் பிளேடால இணைப்பை மேல்பக்கம் மட்டும் அறுத்து விடுங்க, அதுவா ஒரு நூல் விரியும். அந்த இடைவெளிக்கு 0.25 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டை நறுக்கிச் சொருகி மெல்லிய சிமெண்ட் விடுங்க. இறுக்காதீங்க. மிக்-21 இறக்கை நுனி 2 டிகிரி கீழ சாயணும், அட்டைல கோணம் வெட்டி ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து ஒரு நாள் முழுக்க விடுங்க. அப்புறம் மிச்ச வெடிப்புல மெல்லிய ஃபெவிகுவிக், ஒரு மணி நேரத்துக்குள்ள தேய்ச்சிரணும். மறுநாள் ஆச்சுன்னா அது பிளாஸ்டிக்கை விடக் கடினமாயிரும், சுத்தி இருக்கிற பிளாஸ்டிக்தான் தேயும், பள்ளம் விழும். 400, 600, 1000 வரிசை.

மேல ப்ரைமரா மிஸ்டர் சர்ஃபேசர் 1500 கருப்பு, ஒரு பங்குக்கு லெவலிங் தின்னர் ரெண்டு பங்கு, 15 பி.எஸ்.ஐ. முதல் கோட் தூறல் மாதிரி மட்டும். அப்புறம் பளபளப்புக் கருப்பு, அதுக்கும் லெவலிங் தின்னர்தான், குறைஞ்சது ஒரு நாள் காயட்டும். ஆல்கிளாட்ல எதுவும் கலக்க வேண்டாம், 12 முதல் 15 பி.எஸ்.ஐ., நாலு விரக்கடை தூரம், காலைல ஆறு மணிக்கு. வெயில் ஏறுனா நிறுத்திருங்க. கரி வடிகட்டி வெச்ச மாஸ்க் போடாம எதையும் அடிக்காதீங்க.

பேனல்கோடு · 10.40
சர்ஃபேசரும் லேக்கர்தானே, அது வெடிக்க வைக்காதா?

மேலூர்_ஏர்பிரஷ் · 10.48
ஈரமா ஊத்துனா அதுவும் கடிக்கும். அதனாலதான் முதல் கோட் தூறல், அதனாலதான் முதல்ல இழுவிசையை எடுக்கச் சொன்னது. லெவலிங் தின்னர் லூஸ் தின்னரை விட சாது, அதுல காயறதைத் தாமதப்படுத்துற சரக்கும் இருக்கு, மதுரை வெயிலுக்கு அது வேணும்.

ஒத்தக்கடை_கம்ப்ரசர் · 10.55
எண்ணெய் இல்லன்னா சரி, ஒத்துக்கறேன். ஆனா துளி தண்ணி வந்திருக்கு. வடிகட்டியை இடம் மாத்துங்க, டேங்க்கை தினமும் அடிப்பக்கம் திறந்து வடிச்சு விடுங்க. ஐப்பசி மழைல அதே துளி சில்வர்ல வெள்ளை மூட்டமா நிக்கும்.

மூத்த_ரிவெட் · வியாழன் காலை 7.10
ஞாயிறுக்குள்ள இத்தனையும் நடக்காது தம்பி. மேலூர்க்காரர் சொன்ன காயற நேரமே குறைஞ்சது ரெண்டு நாள், அறுப்பு, தேய்ப்பு, பெயிண்ட் வேலை அதுக்கு மேல. அவசரத்துல பாதி வேலை பண்ணா அதையும் சேத்து உரிக்கணும். இப்ப இருக்கிற சில்வரைத் தொடாம விடுங்க. எக்ஸாஸ்ட் வளையத்துக்கு டேப்புக்குப் பதிலா அட்டையை வளைவா வெட்டி, உடம்புல படாம ஒரு நூல் தள்ளிப் பிடிச்சுக் கருஞ்சில்வர் அடிங்க. ஓரம் கொஞ்சம் மங்கலா விழும், நிஜத்துலயும் சூடு பட்ட இடம் கோடு போட்ட மாதிரி இருக்காது. ஞாயிறு காட்டிட்டு, திங்கக்கிழமை பிரிச்சு வேலையைத் தொடங்குங்க. பலகையில 1971-னு மட்டும் எழுதாதீங்க.

வண்டியூர்_கிட் · 7.32
இது நல்ல யோசனை. எப்படியும் பிரிக்கத்தான் போறீங்க, அதனால கேக்குறேன், மூக்குல கனம் எதை வெச்சு எதால ஒட்டுனீங்க? பின்னாடி எஞ்சின் முழுசா வெச்சா இது வாலைத் தரையில ஊன்றி உக்காந்துரும்.

திருநகர்32 · வெள்ளி இரவு 10.20
ஸ்ப்ரூ சோதனை பண்ணேன். வளைச்சது கையிலேயே படக்குன்னு ஒடஞ்சிருச்சு, நேரா வெச்சது சும்மா கிடக்கு. தின்னர்தான். அட்டை பிடிச்சு எக்ஸாஸ்ட் அடிச்சாச்சு, பரவாயில்ல. மூக்குல தூண்டில் ஈயக்குண்டு, ஃபெவிகால் ஊத்தி நிரப்பிருக்கேன். எல்லாருக்கும் நன்றி.

வண்டியூர்_கிட் · 10.26
ஃபெவிகாலா? அதை உடனே எடுக்கணும். வெள்ளைப் பசைல இருந்து வர்ற அசிட்டிக் அமிலம் ஈயத்தை மெதுவா அரிச்சு வெள்ளைப் பொடியாக்கும், பொடி ஈயத்தை விட அதிக இடம் பிடிக்கும். மாசக்கணக்குலயோ வருஷக்கணக்குலயோ உப்பி மூக்கு இணைப்பு பிளந்துரும். அப்ப எந்த ப்ரைமரும் காப்பாத்தாது. இறக்கையைப் பிரிக்கும்போதே மூக்கையும் திறந்து குண்டை வெளிய எடுத்து, அரால்டைட்டோ எம்-சீலோ வெச்சு ஒட்டுங்க. ஈயத்தைத் தொட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க.

மேலூர்_ஏர்பிரஷ் · 10.41
அதே. எத்தனை குண்டு வேணும்னு ஊகிக்காதீங்க. பின்பக்கச் சக்கரம் நிக்கிற இடத்துக்குக் கீழ ஒரு பென்சிலைக் குறுக்கால வெச்சு, எல்லாப் பாகத்தையும் டேப்பால சேத்து, மூக்கு தானா இறங்குற வரைக்கும் குண்டு போடுங்க. அதுக்கு மேல ரெண்டு சேத்துக்கங்க.

வண்டியூர்_கிட் · திங்கள் காலை 6.50
திருநகர், மூக்கைத் திறந்தாச்சா?

பேனல்கோடு · புதன் 8.15
எனக்கும் அதே மாதிரி ஃபெவிகால் மூக்கு ஒன்னு இருக்கு, ஒட்டி மூணு மாசம் ஆச்சு. வெளிய இருந்து பாத்துக் கண்டுபிடிக்க வழி உண்டா?

வண்டியூர்_கிட் · 8.40
மூக்கு இணைப்புல பெயிண்ட் மயிரிழையா விரியுதான்னு சாய்வு வெளிச்சத்துல பாருங்க. ஆட்டிப் பாத்தா குண்டு உள்ள கலகலன்னா பசை விட்டிருச்சுன்னு அர்த்தம். ரெண்டும் இல்லன்னாலும் திறந்துருங்க, மூணு மாசத்துல எடுத்தா பிளாஸ்டிக் தப்பிச்சுரும்.