கைப்பேசி கற்கப் போன கதை: உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்

பழைய கிராணி எழுதுகிறார்:

ரப்பர் தோட்டத்தில் 32 ஆண்டு கிராணி வேலை, அதாவது கணக்கெழுதும் வேலை, பார்த்தவன். இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்பில்) வாசம். எங்கள் பாலாய் ராயாவுக்கு, அதாவது ஊர்ப் பொதுமண்டபத்துக்கு, சனிக்கிழமைதோறும் கல்லூரிப் பிள்ளைகள் வந்து, என்னைப் போன்ற கிழங்களுக்குக் கைப்பேசி சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் வாரம் நான் போனதே, பசியாற நாசி லெமாக் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னதால்தான். கொடுத்தார்கள். சம்பல் சுமார்.

எனக்கு வாய்த்தவன் கணக்கியல் படிக்கிற பையன். வங்கிச் செயலியைத் திறந்து, பணம் அனுப்புவதையும் மிச்சம் பார்ப்பதையும் பொறுமையாகக் காட்டினான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "தம்பி, இந்தக் கணக்கை யார் சரிபார்ப்பது?" விழித்தான். பிறகு, "உங்கள் காலத்தில் எப்படிச் சரிபார்த்தீர்கள் தாத்தா?" என்று திருப்பிக் கேட்டு வசமாக மாட்டிக்கொண்டான்.

விடியுமுன் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. மேற்பார்வை பார்க்கிற தண்டல் பேர் கூப்பிடுவார். நான் டார்ச் வெளிச்சத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பேன். வெயில் ஏறிய பிறகு ஸ்டோரில் ரப்பர் பால் நிறுவை. வாளியில் எத்தனை கிலோ என்று பார்த்தால் மட்டும் போதாது, பாலில் தண்ணீர் கலக்கிற கெட்டிக்காரர்களும் இருந்தார்கள். அதற்காக மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்போம். "தண்ணீர் கலந்த பாலில் கருவி ஆழமாக முங்குமா, மேலே நிற்குமா?" என்று பையனிடம் கேட்டேன். "தண்ணீர் என்றால் முங்கும்" என்றான் அடித்து. மேலே நிற்கும். ரப்பர் தண்ணீரைவிட இலேசு, அதனால் கெட்டிப் பாலில்தான் கருவி முங்கும். தேநீர்க் குவளையை வெறித்துப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்தான்.

பேர் கூப்பிட்டவர் ஒருவர், எழுதியவன் ஒருவன், சம்பளம் கொடுத்தவர் வேறொருவர், ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்ப்போம் என்று நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தாத்தா, இதை எங்களுக்கு மூன்று அத்தியாயமாக நடத்துகிறார்கள்" என்றான். மறுவாரம் கோடு போட்ட பெரிய தாள் வாங்கி வந்து, ஒரு செக்ரோல் பக்கம் எழுதிக் காட்டச் சொன்னான். என் கை மறக்கவில்லை. வராதவருக்கு நேராகக் குறுக்குக்கோடு தானாக விழுந்தது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

விவசாய மாணவி எழுதுகிறார்:

அந்தச் சனிக்கிழமைக் குழுவில் நானும் ஒருத்தி. என்னிடம் வந்த பாட்டிக்கு வயது 74, நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மூன்றாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியிலிருந்து நின்றுவிட்டவர். வங்கி, செயலி எதுவும் வேண்டாம், ஜொகூரில் இருக்கும் மகளிடம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பேசினால் போதும் என்றார். குரல்பதிவு அனுப்பக் கற்றுக்கொள்ள இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முதல் பதிவே மகளுக்குத் திட்டு.

நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். பயிர் அறிவியல் என்றேன். "மரம் வெட்டத் தெரியுமா?" தெரியாது. அடுத்த சனிக்கிழமை விடிகாலையில் மகனுடைய இரண்டு ஏக்கர் பால்மரத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். குவாலா கங்சாரில் நிற்கிற பழைய ரப்பர் மரத்தைச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன். அது 1877இல் வந்த கன்றுகளைச் சேர்ந்தது என்றும் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஒரு மரத்தின் பட்டையை விரலால் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

இருட்டு. நெற்றியில் விளக்கு. பாட்டி முதலில் முந்தின வெட்டில் காய்ந்திருந்த கோட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்துப் பையில் போட்டார். பிறகு உளியை வைத்து இழுத்தார். சீவல் சுருண்டு விழுந்தது, ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும். வெட்டு நெடுகப் பால் புள்ளி புள்ளியாக அரும்பி, கோடாகச் சேர்ந்து, மங்குக் கிண்ணத்துக்குள் இறங்கியது. நான் வெட்டியபோது உளி ஆழமாகப் போய் மரத்தையே தொட்டுவிட்டது. பாட்டி கோபிக்கவில்லை. "இந்தப் பட்டை திரும்ப வளர்ந்த பிறகு இங்கே வெட்ட வருகிறவன் உன்னைத் திட்டுவான்" என்றார். அவ்வளவுதான்.

வெட்டு ஏன் எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்கிறது என்று கேட்டேன். "அப்படி வெட்டினால்தான் பால் கூட வரும்" என்றார். ஏன் கூட வருகிறது? "வருகிறது, வெட்டு." விடுதிக்குத் திரும்பிப் பாடக்குறிப்பைப் புரட்டினேன். பட்டைக்குள் பால் குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடுவதில்லை. மேலே போகப் போக வலப்பக்கம் சற்றே சாய்கின்றன. இடப்பக்கம் உயர்த்தி வெட்டினால் கூடுதலான குழாய்கள் அறுபடும். மறுவாரம் பாட்டியின் புடவைக் கோடுகளை வைத்தே இதை விளக்கினேன். சற்று நேரம் முந்தானையைத் தடவிக்கொண்டிருந்தார். "அட, அதுதானா!" என்றார். அன்று மாலையே கோயிலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார், தானே கண்டுபிடித்ததுபோல.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதுகிறார்:

இருவரும் தேனாக எழுதியிருக்கிறீர்கள். என் பங்குக்குக் கொஞ்சம் வேப்பெண்ணெய்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். பெயர் வேண்டாம். என் அப்பா சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப் போகப்பட்டு உயிரோடு திரும்பியவர். 1942, 43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. நம் தோட்டங்களிலிருந்து போனவர்களில் திரும்பாதவர்களே ஏராளம். இரண்டு மணி நேரம் பேசினேன், பதிவு செய்துகொண்டார்கள். அப்பாவின் ஒரே புகைப்படத்தையும் நகலெடுக்க வாங்கிப் போனார்கள். எட்டு மாதம் கழித்து மூலை கிழிந்து திரும்பி வந்தது. பதிவு வரவே இல்லை. எனக்குச் சான்றிதழ் மட்டும் கொடுத்தார்கள், 'பங்கேற்பாளர்' என்று. யாருடைய கதையில் நான் பங்கேற்பாளர்?

அந்தக் கூட்டத்தில் ஒருவன், "துன் சம்பந்தன் என்பது கோலாலம்பூர் மோனோரெயில் நிலையம்தானே?" என்று கேட்டான். அந்தப் பெயருக்கு உரிய தலைவர் 1919இல் பிறந்த ஊரில் நின்றுகொண்டு கேட்கிறான்! வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் (ரிங்கிட்) பணம் சேர்த்து 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர் என்று சொன்னேன். எழுதிக்கொண்டான். அதுவாவது நல்லது.

செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தை ஒட்டி 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' நடக்கிறது. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பிறந்த யோசனை. முதியவர்கள் வகுப்பில் உட்கார்ந்து படிக்கலாம், நடத்தவும் செய்யலாம். நம் ஊருக்கு வருவது கைப்பேசிப் பாடம் மட்டும்.

கிள்ளான்வாசி எழுதுகிறார்:

கைப்பேசிப் பாடத்தை அவ்வளவு இளப்பமாகப் பேச வேண்டாம் ஐயா. என் மாமனார் உங்கள் ஊர்க்காரர்தான். போலீஸ் என்று ஒருவன் அழைத்து, உங்கள் பேரில் வழக்கு இருக்கிறது, பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுங்கள் என்றிருக்கிறான். சேமநிதிப் பணம் முழுவதும் மாமனாரின் வங்கிக் கணக்கில்தான் இருந்தது. கைப்பேசிப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்து பக்கத்தில் இருந்த மாணவி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, 997 என்ற மோசடி உதவி எண்ணை நாள்காட்டியில் பெரிதாக எழுதிவிட்டுப் போனாள். அந்த நாள்காட்டியை மாமனார் இன்னும் கழற்றவில்லை.

விவசாய மாணவி எழுதுகிறார்:

வாத்தியார் ஐயா, அந்தப் படத்தை இப்போது நகலெடுக்க விருப்பமா? படம் உங்கள் கையை விட்டுப் போகாது. பதிவு செய்தால் நகல் அன்றே உங்கள் கைப்பேசியில் இருக்கும்.

பழைய கிராணி எழுதுகிறார்:

வாத்தியார் இங்கே பதில் எழுத மாட்டார், வீம்புக்காரர். ஆனால் நேற்று பாலாய் ராயாவுக்கு வந்தார். படத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, நகலெடுத்து முடியும்வரை ஒரு மூலையைத் தன் விரலால் பிடித்துக்கொண்டே இருந்தார். நகலில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. வெட்டிவிடட்டுமா என்று பிள்ளை கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார். பிறகு அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மதியச் சாப்பாடு தாமதமாகிவிட்டது.

அடுத்த வாரம் வேறு கடையிலிருந்து நாசி லெமாக் வாங்கச் சொல்லியிருக்கிறோம்.